பதினைந்து மூட்டை நெல்

பொறுத்தார் பூமியாள்வார் என்று எமது முன்னோர் சொல்லி வைத்தனர். அப்பழமொழியை வகுப்பறையில் நாமும் எத்தனையோ தடவை எடுத்துக் கூறியிருக்கிறோம். ஆயின், பூமியைக் கையில் வைத்திருப்பவனுக்கே பொறுத்திருக்க வழியில்லாமற் போனால் என் செய்வது என்ற கேள்வி, சென்ற 2025ஆம் ஆண்டு மாசி மாதத்து மாலைப்பொழுது ஒன்றில், எமது தங்கை வீட்டு விறாந்தையில் அமர்ந்திருந்தபோதுதான் முதன்முதலாக எம்மைப் பற்றிக்கொண்டது.

விறாந்தையில் பதினைந்து மூட்டை நெல் அடுக்கப்பட்டிருந்தது. வயலிலிருந்து அன்று காலைதான் வந்து இறங்கியது. ஈரம் இன்னும் போகவில்லை. புது நெல்லின் மணம் வளவு முழுதும் நிறைந்திருந்தது. மறுநாட் காலை வியாபாரியின் லொறி வருவதாக ஏற்பாடு. மச்சான் படியில் அமர்ந்து காலிற் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். உயர்தர வகுப்பிற் பொருளியல் பயிலும் எமது மருமகள், மூட்டைகளின்மேல் முழங்கையை ஊன்றியவாறு கேட்டாள்:

"மாமா, நம்மட அம்பாறை மாவட்டம் பணக்கார மாவட்டமா, ஏழை மாவட்டமா?"

பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லூரியிற் பொருளியல் கற்பிப்பவர் நாம். கேள்வி எம் காதில் விழுந்ததுமே விடை நாவில் வந்து நின்றது. இலங்கையில் அதிகமாக நெல் விளையும் மாவட்டங்களை எண்ணினால் பொலன்னறுவை, அனுராதபுரம், குருணாகல் என்பவற்றோடு அம்பாறையும் முன்வரிசையிலேயே நிற்கும். 1949ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டில் 1933இல் நிறுவப்பட்ட தெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையை முன்மாதிரியாகக் கொண்டு கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. நாம் பட்டிப்பளை ஆறு என்று வழங்கும் ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டினார்கள். சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெயருக்கேற்பக் கடல்போலப் பரந்து கிடக்கும் அந்நீர்த்தேக்கம் 7,70,000 ஏக்கர் அடி நீரைக் கொள்ளவல்லது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை தனி மாவட்டமாயிற்று. முஸ்லிம்களும் சிங்களவரும் தமிழரும் ஒரே ஆற்று நீரைப் பங்கிட்டு உண்ணும் மாவட்டம் இது. இவ்வளவும் கூறி, "ஆகவே வளமான மாவட்டம்" என்று முடித்தோம்.

அவள் எம்மையும் பார்த்தாள். தந்தையின் காலையும் பார்த்தாள். "வளம் எண்டு கேக்கல்ல மாமா. பணக்காரரா எண்டுதான் கேட்டன்" என்றாள்.

வாசகர்களே, மாணவர் கேட்கும் கேள்விகளுள் இரண்டு வகை உண்டு. ஒன்று, விடை தெரிந்துகொள்வதற்காகக் கேட்பது. மற்றது, விடையை அறிந்த பின், நாம் அதனை ஒப்புக்கொள்கிறோமா என்று பார்ப்பதற்காகக் கேட்பது. இஃது இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பதை உடனே உணர்ந்தோம்.

எமது பெரியநீலாவணை, கல்முனைக்கு வடக்கே, அம்பாறை மாவட்டத்தின் எல்லையில் உள்ள ஊர். கிழக்கே கடல், மேற்கே வாவியும் வயல்வெளியும். தெற்கே அடுத்தாற்போல் நெசவுக்குப் பேர்போன மருதமுனை. அங்கே தறிச்சத்தம் கேட்டு, அப்பாற் சென்றால் பாண்டிருப்பு, அதன் பின் கல்முனைச் சந்தை. கடற்கரை மணலில் மனிதர் நெருக்கமாக வாழ்வார்கள். அவர்களை ஊட்டும் நிலமோ மேற்கே, தண்ணீருக்கு அப்பால் இருக்கும். எமது குடும்பத்துக் காணியும் அவ்வாறே கிட்டங்கிக்கு அப்பால், நாவிதன்வெளிப் பக்கத்தில் இரண்டு ஏக்கர். மாரியிற் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மேவினால், வயல் அக்கரை, வயற்காரன் இக்கரை.

அக்காணி எமக்கு உரியதன்று. எம்மூர் வழக்கில், தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும், வீடும் வளவும் வயலும் பெரும்பாலும் பெண்வழியே செல்லும். எமது தாயாருக்குச் சீதனமாக வந்த காணி, தங்கைக்குச் சீதனமாகப் போயிற்று. எமக்கு வந்தது தகப்பனாரின் கணக்குக் கொப்பிகள் மட்டுமே. மஞ்சள் பூத்த சீ.ஆர். கொப்பிகள் ஏழு. நெற்கணக்கைப் போகந்தோறும் எழுதி வைப்பது அவர் வழக்கம். அன்று மாலை வீட்டுக்குச் சென்று அவற்றுள் ஒன்றை எடுத்து வந்தோம். மருமகளின் கேள்விக்குப் பாடநூலிலும் பார்க்க அதில் நல்ல விடை இருக்கும் என்று தோன்றிற்று.

பழைய பக்கங்களைப் புரட்டினால் பணம் என்ற சொல் அரிதாகவே தென்படும். விதைநெல் முன்னைய போகத்தில் எடுத்து வைத்தது. எருமைகள் வீட்டுப் பட்டியில் உள்ளவை. களவெட்டியிற் சூடு மிதித்துப் பொலி தூற்றியதும், கோவிலுக்கு இத்தனை மரைக்கால், வண்ணாருக்கு இத்தனை, முடிவெட்டுபவருக்கு இத்தனை, வாய்க்கால் பார்க்கும் வட்டவிதானையாருக்கு இத்தனை என்று நெல்லாகவே அளந்து கொடுத்திருக்கிறார். 'மீன்காரக் காக்கா – 2 மரைக்கால்' என்றும் ஒரு வரி உண்டு. வாடியில் இருந்தவர்களுக்கு அந்தப் போகம் முழுதும் மீன் கொண்டுவந்து கொடுத்த மருதமுனை மனிதர் அவர். கடன் சொல்லி மீன் கொடுத்து, களவெட்டியில் நெல் வாங்கிச் செல்வார். சுரண்டலும் வறுமையும் அக்காலத்திலும் இல்லாமலில்லை. போடியாரின் நிலத்தில் வாரத்துக்குச் செய்தவன் பட்ட பாட்டை 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டமே சான்று பகரும். எனினும், ஒன்று மட்டும் உண்மை. விளைந்த நெல் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு வீட்டின் செலவு இன்னொரு வீட்டின் வரவாயிற்று.

இந்த வாழ்வைப் பாடுதற்கு எம்மூரே ஒரு கவிஞரையும் தந்தது. 1931இல் இங்கே பிறந்து 1975இல் மறைந்த நீலாவணன், 'வேளாண்மை' என்ற பெயரிலேயே ஒரு காவியம் படைத்தார். அவர் மறைந்த பின்னரே அது நூலாக வெளிவந்தது. உழவனின் சொற்களைக் காவியத்தின் சொற்களாக்கியவர் எமது ஊரவர் என்பதில் எமக்கு இன்றும் பெருமை உண்டு. ஆயினும் அக்காவியத்தை வகுப்பில் விளக்கும்போது களவெட்டி, சூடு, பொலி என்ற சொற்களுக்கெல்லாம் பொருள் சொல்லவேண்டியிருக்கிறது. வெட்டும் இயந்திரம் வயலில் இறங்கி, ஒரு மணித்தியாலத்தில் அறுத்து, அடித்து, தூற்றி, மூட்டையாகக் கொட்டிவிட்டுப் போகும் காலத்தில் பிறந்த பிள்ளைகள் அவர்கள்.

கொப்பியின் கடைசிப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அவற்றுள் ஒன்றில் இந்தப் போகத்தின் கணக்கை எழுதச் சொன்னோம். மச்சான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதினாள். ரூபாவில் எழுதவேண்டாம், மூட்டையில் எழுது என்றோம்.

இரண்டு ஏக்கரிலும் விளைந்தது 60 மூட்டை. உழவுக்கும் விதைநெல் வாங்கியதற்கும் போனது 10 மூட்டை. பசளை, களைநாசினி, பூச்சிமருந்து – 12. வெட்டு இயந்திரம், சாக்கு, ஏற்றுக்கூலி – 6. வட்டி – 5. வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒதுக்கியது 12. மீதி 15.

"அப்ப இந்தப் பதினைஞ்சும்தான் நமக்கா?" என்று மருமகள் விறாந்தையைத் திரும்பிப் பார்த்தாள்.

இந்தப் பதினைந்துந்தான். ஒரு மூட்டை 66 கிலோ வீதம் 990 கிலோ. வியாபாரி ஈர நெல்லுக்குப் பேசியிருந்த விலை கிலோவுக்கு 95 ரூபா. பெருக்கினால் 94,050 ரூபா. ஐப்பசியில் வரம்பு கட்டத் தொடங்கி மாசி வரையில், வெள்ளத்துக்கும் யானைக்கும் அறக்கொட்டிப் பூச்சிக்கும் அஞ்சி, மழையில் நனைந்து, வாடியிற் படுத்து, கணவனும் மனைவியும் பட்ட பாட்டுக்குக் கையில் எஞ்சுவது அவ்வளவே. அந்தப் போகத்தில், 2024 கார்த்திகை இறுதியில் வந்த வெள்ளத்திற்குப் பயிர் தப்பியதே பெரும் பேறு.

மருமகள் நெடுநேரம் அக்கணக்கைப் பார்த்திருந்தாள். பின்பு பென்சிலை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அந்த நெல் எங்கே போயிற்று என்று எழுதத் தொடங்கினாள். பசளை கடல் கடந்து வருவது. அந்தப் பன்னிரண்டில் பெரும்பங்கு வெளிநாடு போயிற்று. உழவு இயந்திரமும் வெட்டு இயந்திரமும் அவை குடிக்கும் டீசலும் அவ்வாறே. வட்டி, கடன் கொடுத்த இடத்துக்கு. நெல்லோ லொறியேறிப் பெரும் ஆலைகளுக்குப் போகிறது. பொலன்னறுவைப் பக்கத்துப் பெரும் ஆலைகளிற் குற்றப்பட்டு, பளபளக்கும் பைகளில் அடைபட்டு, கல்முனைக் கடைகளுக்கே அரிசியாகத் திரும்பி வருவதையும் நாம் காண்கிறோம். நூறு கிலோ நெல்லைக் குற்றினால் அறுபத்தைந்து கிலோ அளவில் அரிசி கிடைக்கும். அதற்குமேல் தவிடும் குறுணலும் உண்டு. தவிட்டைத் தின்னும் கோழியின் இலாபமும் ஆலை இருக்கும் பக்கத்துக்கே சேரும்.

"மாமா, குடம் பெரிசுதான். அடியில ஓட்டை" என்றாள்.

இலங்கையின் மொத்த உள்நாட்டு உற்பத்தியிற் கமத்தொழிலின் பங்கு பத்திலொன்றுக்கும் குறைவு. ஆனால், தொழில் செய்வோரில் ஏறத்தாழ நால்வருள் ஒருவர் அதனையே நம்பியிருக்கிறார் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறோம். நால்வருள் ஒருவர் உழைத்தும் பத்திலொன்று தேறாதது ஏன் என்ற விளக்கத்தை, எமது மருமகள் ஒரு கொப்பித் தாளில் ஒரு குடத்தைக்கொண்டு விளக்கிவிட்டாள்.

ஆனால் அவள் அத்தோடு நிறுத்தவில்லை. பென்சில் முனையை ஐந்து மூட்டை என்றிருந்த வரியில் வைத்து, "இந்த வட்டி எப்ப தொடங்கினது?" என்று கேட்டாள்.

தங்கை குசினிக்குள் சென்றுவிட்டாள். மச்சான், "அது ஒரு கெட்ட வருஷம் மகள்" என்று சொல்லி முடிக்கப் பார்த்தார். அவர் எம்மைக் காப்பாற்ற முயல்கிறார் என்பதை உணர்ந்தோம். இனியும் வாய்மூடி இருப்பது தகாது என்று எண்ணி, உள்ளதை உள்ளவாறே சொன்னோம். அதை இங்கும் சொல்கிறோம்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு தடைசெய்தது. ஒரே நாளில் முழு நாடும் சேதனப் பசளைக்கு மாறவேண்டும் என்பது கட்டளை. மச்சான் அன்றே கலங்கினார். ஒரு ஏக்கரை மாத்திரம் விதைத்து, கையில் எஞ்சியிருந்த யூரியாவை அதற்கே இடலாம், மற்றதைத் தரிசாக விடலாம் என்பது அவரது யோசனை. நாமோ படித்தவர் என்ற பெருமையில், மண்வளம், மனித நலம் என்று பெரிய பிரசங்கமே செய்தோம். கூட்டெரு போதும், இரண்டு ஏக்கரையும் விதையும் என்றோம். வயலில் ஒருநாள் முழுதாய் நின்றறியாத ஒருவரின் சொல்லை, வயலிலேயே தலை நரைத்த ஒருவர் மறுக்கவில்லை. மைத்துனர், ஆசிரியர் என்ற மரியாதை அவரைத் தடுத்துவிட்டது. கார்த்திகையில் அரசு தடையை நீக்கிக்கொண்டது. ஆயின் பயிருக்குப் பசளை வேண்டிய காலத்தில் கடைகளிற் பசளை இல்லை. பயிர் மஞ்சளித்தது. கதிர் குட்டையாயிற்று. இரண்டு ஏக்கரிலும் 22 மூட்டை கண்டோம். நாடு முழுவதிலும் 2022இல் நெல் விளைச்சல் முன்னைய ஆண்டிலும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது. தங்கையின் காப்புச் சோடி அந்த ஆண்டு அடகுக்குப் போயிற்று. அதே ஆண்டில் நாடே பெரும் பொருளாதார நெருக்கடியில் விழுந்தமையால் இன்னும் திரும்பவில்லை.

மண்ணைக் காக்கவேண்டும் என்ற எண்ணம் பிழையன்று. இன்றும் நாம் அதனை மறுக்கவில்லை. ஆயின், நூறு நாளிற் கதிர் தரவேண்டிய பயிரோடு பேரம் பேச முடியாது. மாற்றம் நல்லதாயினும் அதற்குக் காலம் வேண்டும். அக்காலத்தில் ஏற்படும் நட்டத்தைத் தாங்குவதற்கு ஒரு தோள் வேண்டும். அரசின் பிழையும் எமது பிழையும் ஒன்றே. இருவரும் அடுத்தவன் வயலில் சோதனை செய்தோம்.

இவ்வளவும் கேட்டபின் தங்கை குசினி வாசலுக்கு வந்து நின்று, தன் மனத்தில் இருந்ததைச் சொன்னாள். ஒரு ஏக்கரை விற்றுவிடலாம் என்று நினைக்கிறாளாம். கேட்டு ஒருவர் வந்திருக்கிறார். காப்பை மீட்கலாம், பிள்ளை பல்கலைக்கழகம் சென்றால் செலவுக்கும் ஆகும். "அண்ணன் சொன்னாச் சரி" என்றாள்.

அண்ணன் சொல்லிப் பட்டது போதாதா என்று நினைத்தோம். உடனே விடை சொல்ல எமக்கு வாய் எழவில்லை. 2004 மார்கழி 26ஆம் நாள் நினைவுக்கு வந்தது. அன்று கடல் எழுந்து அம்பாறைக் கரையோரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை வாரிச்சென்றது. இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அத்தனை உயிர்களைப் பறிகொடுக்கவில்லை. எமது தாய்வீடு அத்திவாரம் மட்டும் எஞ்சியது. மறுநாளிலிருந்து பாடசாலைக் கட்டடம் ஒன்றில் படுத்தெழும்பினோம். அக்கரை வயல் மட்டும் எதுவும் நடவாததுபோலப் பச்சையாய் நின்றது. 2005 மாசியில் அதனை அறுத்து வந்து, தாயார் அகதி முகாமின் அடுப்பில் சோறாக்கிய அன்று, தகப்பனார் ஒரு பிடி சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு, "மனே, கடல் நம்மள மறந்தாலும் வயல் மறக்கல்ல" என்றார். அந்த ஒரு பிடியைப் பொருளியல் நூலின் எந்தப் பத்தியில் எழுதுவது?

ஆனாலும் நினைவைக்கொண்டு கடன் அடைக்க முடியாது. எனவே கணக்கிலேயே வழி தேடினோம். இன்றைக்கு ஈர நெல் 95 ரூபா. அந்த மாதம் அரசு அறிவித்த உத்தரவாத விலை நாட்டு நெல்லுக்கு 120 ரூபா. ஆனால், அந்த விலைக்கு நெற்சந்தைப்படுத்தும் சபை வாங்குவது 14 வீத ஈரப்பதனுக்குக் காய்ந்த நெல்லை. எம்மவர் கையில் இருப்பதோ இயந்திரத்திலிருந்து இறங்கிய ஈர நெல். காயவைக்கக் களம் இல்லை. களம் இருந்தாலும் காத்திருக்க நாள் இல்லை. இயந்திரக்காரனுக்கு அன்றே கொடுக்கவேண்டும். பசளைக் கடைக்கு அந்த வாரமே கொடுக்கவேண்டும். மாவட்டம் முழுவதும் ஒரே வாரத்தில் அறுக்கிறது, எல்லாரும் ஒரே வாரத்தில் விற்கிறார்கள், விலை விழுகிறது. இரண்டு மாதம் கழித்து, நெல் உழவன் கையை விட்டுப் போனபின், விலை ஏறுகிறது. இவ்விரண்டு மாதமே ஏழைக்கும் பணக்காரனுக்கும் இடையில் உள்ள வரம்பு என்பது அப்போதுதான் எமக்கு விளங்கிற்று. பொறுமை என்பது குணமன்று; அஃது ஒரு முதல். அந்த முதல் உள்ளவனே பூமியாள்கிறான்.

எமக்கு அந்த மாதம் சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்தது. மறுநாட் காலை 94,050 ரூபாவை எண்ணி மச்சானிடம் நீட்டினோம். அவர் கையை நீட்டவில்லை.

"மச்சான் சும்மா தரவேணாம்" என்றார்.

"சும்மா தரவில்லை. நெல்லுக்கு முன்பணம். விற்றதும் திருப்பித் தாரும்" என்றோம். அதன் பின்னரே வாங்கிக்கொண்டார்.

லொறி வந்தது. வியாபாரி எமது ஊருக்குத் தெற்கே உள்ளவர். இருபது ஆண்டுப் பழக்கம். நெல் இன்றைக்கு இல்லை என்றதும் கோபிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் மூட்டையொன்றில் கையை விட்டு ஒரு பிடி நெல்லை எடுத்து மணந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நல்ல வேல மாஸ்டர். பொறுக்க ஏலுமெண்டா நானும் பொறுப்பன். என்ட கையில இருக்கிறது ஆலைக்காரன்ட காசு. அவன் பொறுக்கச் சொன்னாப் பொறுக்கணும், ஓடச் சொன்னா ஓடணும்" என்றார்.

ஓட்டைக் குடத்தின் அடியில் நின்று நீரைக் குடிப்பவர் இவர்தாம் என்று அதுவரை எண்ணியிருந்தோம். அவர் குடத்தைச் சுமப்பவர் என்று அன்று கண்டோம்.

பதினைந்து நாட்கள் வளவிற் படங்கு விரித்து நெல்லைக் காயவைத்தோம். நாமும் காலை மாலை காலால் துழாவினோம். ஒருநாள் எதிர்பாராத மழை. தங்கையும் மருமகளும் நாமும் படங்கை இழுத்துக்கொண்டு ஓடியதைக் கண்டு அயலார் சிரித்தனர். காய்ந்த நெல் 920 கிலோவாகக் குறைந்தது. எலியும் ஈரமும் சேர்ந்து இன்னும் ஐம்பது கிலோவை உண்டன. சித்திரை கழிந்து அதே காக்காவின் லொறியில் ஏறியது 870 கிலோ. விலை 120 ரூபா. வந்த பணம் 1,04,400. எமது முன்பணத்தை மச்சான் எண்ணிக் கொடுத்தார். மீந்தது 10,350 ரூபா. காப்பின் கடன் முதலில் அதைக் கட்டினாள் தங்கை. காப்பு இன்னும் திரும்பவில்லை, ஏக்கரும் விற்கப்படவில்லை.

இவ்வளவு பாட்டுக்குப் பத்தாயிரந்தானா என்று வாசகர் கேட்கக்கூடும். ஆம், அவ்வளவே. ஓர் ஆசிரியரின் சீட்டுப் பணம் ஒரு வீட்டைத்தான் இரண்டு மாதம் பொறுக்கச் செய்யும், மாவட்டத்தைச் செய்யாது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நெற்சந்தைப்படுத்தும் சபை ஏற்பட்டதன் கருத்தும், உழவனுக்குப் பதிலாக அரசு பொறுத்திருக்கவேண்டும் என்பதே. அறுவடைக்கு முன்பே விலையை அறிவித்து, அறுவடை நாளிலேயே கொள்வனவைத் தொடங்கினால் அக்கருத்து நிறைவேறும். ஊருக்கு ஊர் ஒரு காயவைக்கும் களமும் ஒரு களஞ்சியமும், களஞ்சியத்தில் வைத்த நெல்லின்மேல் குறைந்த வட்டிக்கு ஒரு கடனும் இருந்தாற் போதும். குடத்தின் ஓட்டைகளுள் ஒன்றையாவது நாமே அடைக்கலாம்.

நாமே என்று சொல்வதற்கு எமது மாவட்டத்திலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. 1980களின் முற்பகுதியில், கல்லோயா இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்து, கடைமடைக்குத் தண்ணீர் வருவதே அரிதாயிருந்த காலத்தில், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்கே விவசாயிகளின் சிறு சிறு குழுக்களை உருவாக்க உதவின. குழுக்கள் தாமே வாய்க்காலை வெட்டித் துப்புரவாக்கின. முறைவைத்து நீர் பாய்ச்சின. மேல்மடையில் இருந்த சிங்கள விவசாயிகள் தமது நீரைச் சிக்கனப்படுத்தி, கீழே இருந்த தமிழ் விவசாயிகளுக்கும் சேரும்படி விட்டார்கள். நாட்டில் இனக்கலவரத் தீ மூண்ட காலம் அது என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். தண்ணீரைப் பங்கிடக் கற்றவர்கள் காலத்தையும் பங்கிடக் கற்கலாம். ஒருவர் பொறுக்க முடியாததை நூறுபேர் சேர்ந்து பொறுக்கலாம்.

இப்போது சிறுபோகப் பயிர் நிலத்தில் நிற்கிறது. மருமகள் பரீட்சைக்குப் படிக்கிறாள். தகப்பனாரின் கொப்பியை அவளே வைத்திருக்கிறாள். ஒவ்வொரு போகத்தின் கணக்கையும் இனித் தானே எழுதப் போவதாகச் சொல்கிறாள். அவளுடைய கேள்விக்கு நாம் இன்னும் சரியான விடை சொல்லவில்லை. சென்ற வாரம் மீண்டும் கேட்டாள். இம்முறை பாடநூலைத் தேடாமல், "நமது மாவட்டம் பணக்கார மாவட்டந்தான் மகள், ஆனால் அதற்குப் பொறுத்திருக்க நேரமில்லை" என்றோம்.

அவள் சிறிது யோசித்து, கொப்பியைத் திறந்து, அடுத்த போகத்துக்கென்று ஒரு புதிய வரியைச் சேர்த்துக்கொண்டாள். அவ்வரி இது: 'படங்கு – 2. எலிப்பொறி – 3.'